பாசி அறுந்த இடம்

அத்தியாயம் ஆறு

விஜயராணிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். எல்லாரையும் வா, போ என்று பேசுகிறவள் திடீரென்று "ங்க" போட ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தப்பித்து ஓடிவிட வேண்டும். அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து ராஜ்கமல் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட பாடம் இது ஒன்றுதான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் சப்-இன்ஸ்பெக்டர் உலகநாதனிடம், "சார், நீங்க கொஞ்சம் உட்காருங்களேன். நின்னு நின்னு உங்களுக்குக் கால் வலிக்கப் போவுதுங்க" என்றதும் ராஜ்கமல் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

உலகநாதனுக்கு அந்தப் பாடம் தெரியாது. "மேடம், நீங்க வில்லியனூர்ல துப்பறியும் ஆபீஸ் வெச்சிருக்கீங்க, சந்தோஷம். இது போலீஸ் கேஸ். மாமனாருக்கு மருமக எலி மருந்து குடுத்திருக்கா. பொட்டலம் அவ அடுப்பங்கரையில, அரிசிப் பானைக்குப் பின்னால கெடச்சிருக்கு. சாயங்காலம் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். அதுக்குள்ள இன்னா துப்பறியணுமோ துப்பறிஞ்சுக்குங்க" என்றார்.

அந்த மருமகள், செல்வகுமாரி, பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெண் போலீஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். விஜயராணிக்குப் போன் செய்தது அவளேதான். "அக்கா, நான் ஒண்ணும் பண்ணல. ஆனா எங்க மாமா செத்துடுவாரு போலருக்கு. இந்த ரெண்டுல எதுக்குன்னாலும் நீங்க வாங்க" என்று சொல்லியிருந்தாள். மாட்டிக்கொண்டவர்கள் தங்களைக் காப்பாற்றச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவள் மாமனாரையும் சேர்த்துக் கூப்பிட்டதால்தான் விஜயராணி கிளம்பி வந்தாள்.

விஷயம் இதுதான். செல்வகுமாரியின் மாமனார் சம்மந்தம், கரையாம்புத்தூரில் கரும்பும் நெல்லும் வைத்திருக்கிற விவசாயி. கொஞ்ச நாளாகவே அவருக்கு வெளிக்குப் போவது கரிக்கட்டை நிறத்தில் இருந்திருக்கிறது. ஆள் வெளுத்துப் போனார். போன வாரக் கடைசியில் வாசலிலேயே விழுந்துவிட்டார். தூக்கிக்கொண்டு ஓடிய கிளினிக்கில், வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்றதும் கேட்ட முதல் கேள்வி, "எலி மருந்து கிலி மருந்து சாப்பிட்டாரா?" நெல் விளைகிற ஊரில் ரத்தம் கசிந்தால் எவனுக்கும் முதலில் அதுதான் தோன்றும். உடனே முறிவு ஊசியும் போட்டு, டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாளே சம்மந்தத்தின் மகள் ருக்குமணி தம்பி வீட்டு அடுப்பங்கரையிலிருந்து பொட்டலத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து போலீஸில் கொடுத்துவிட்டாள்.

"அந்தப் பொட்டலத்தை நான் பார்க்கலாங்களா சார்?" என்றாள் விஜயராணி.

உலகநாதன் பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக் காட்டினார். உள்ளே நீல நிறத்தில் சோப்புத் துண்டு மாதிரி ஒரு கட்டி. நடுவில் ஓட்டை. ஓட்டையில் கோத்துக் கட்டிய ஒரு துணிக் கிழிசல். சேறு காய்ந்து நிறம் தெரியவில்லை, விளிம்பில் மட்டும் சிவப்பு நூல் ஓடியது. கட்டியின் ஒரு மூலை சுரண்டிய மாதிரி இருந்தது.

"இதை ஏற்கெனவே எலி கடிச்சிருக்குதுங்களே?"

"எலி மருந்துன்னா எலி கடிக்கத்தான் மேடம் செய்யும்."

"அப்ப அந்த எலியையும் சாட்சியா சேர்த்துடுங்க சார்" என்றான் ராஜ்கமல். "மருந்து சாப்டது அது ஒண்ணுதான்னு ஒருவேளை அதுவே சொல்லும்."

உலகநாதன் முறைத்தார். அதற்குள் வராந்தாக் கோடியிலிருந்து ஒரு குரல் புறப்பட்டு வந்தது. ருக்குமணி. பண்டசோழநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள். கையில் டிபன் கேரியர், மூடி திறந்துகொள்ளாமல் இருக்க மாம்பழ மஞ்சள் சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"யாரு நீ? இவளுக்குப் பரிஞ்சு பேச வந்தியா?" என்று விஜயராணியைப் பார்த்துக் கத்தினாள். "எங்கப்பன் ஒரு நாள் வூட்ல தங்காத மனுஷன். வயலுக்குப் போவாதீங்க, வெயில்ல நடக்காதீங்கன்னு வூட்டுக்குள்ளயே வெச்சிக்கினா இவ. இன்னாத்துக்கு? மருந்து வெக்கறது யார் கண்ணுக்கும் தெரியக் கூடாதுன்னுதான்!"

"அண்ணி, அவருக்கு மூச்சு வாங்குச்சு" என்றாள் செல்வகுமாரி. "மதகுகிட்ட நின்னு நின்னுதான் நடந்தாரு. கரும்புக் கட்டைத் தூக்கினப்ப மயக்கமாயி வுழுந்தாரு. அதான் போவாதீங்கன்னு சொன்னேன். டாக்டருகிட்ட இதையேதான் நான் சொல்லிக்கிட்டு…"

"பேசாதடி!"

டிபன் கேரியர் பெஞ்சில் நங்கென்று விழுந்தது. எதிர் பெஞ்சில் ஒருவன் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செல்வகுமாரியின் புருஷன் நாகராஜன். அக்கா பெண்டாட்டியைத் திட்டுகிறாள், போலீஸ் பெண்டாட்டியைக் கூட்டிப்போகப் போகிறது, இவன் கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறான். விஜயராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் போனைப் பிடுங்கி அவன் தலையிலேயே போட்டால் என்ன என்று நிஜமாகவே ஒரு நிமிஷம் யோசித்தாள்.

டாக்டர் எழிலரசன் சின்ன வயசுக்காரர். தூக்கமில்லாத கண். கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொன்னார், அதுவே பெரிய விஷயம்.

"ரத்தம் உறையற நேரம் நார்மலா இருக்கு மேடம். எலி மருந்துன்னா அது ஏறியிருக்கணும். ஆனா கிளினிக்லயே முறிவு ஊசி போட்டுட்டாங்க, அதனால நார்மலுக்கு வந்திருக்கலாம்."

"விஷம் முறிஞ்சாச்சு. அப்ப ரத்தம் நின்னுடுச்சா டாக்டர்?"

டாக்டர் பேனாவை மூடித் திறந்தார். "இல்ல. அதுதான் புரியல. குழாய் விட்டுப் பார்த்தோம். பெரிய புண் எதுவும் இல்ல. குடல்ல அங்கங்க சின்னச் சின்ன ரத்த நாளம் கசியுது. வயசானவங்களுக்கு அது சகஜம், தானா அடைச்சுக்கும். இவருக்கு அடைக்க மாட்டேங்குது."

"அடைக்கற சாமான் தீர்ந்து போச்சா?" என்றான் ராஜ்கமல். "டெங்கு வந்தா ஊரே பேசுமே, பிளேட்லெட்டு."

"அதுவும் நிறைய இருக்கு."

"ஆளு இருக்காங்க, வேலை நடக்கல. நம்ம பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி."

விஜயராணி சிரிக்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தும் வேலை நடக்கவில்லை என்றால், நடுவில் எவனோ எதையோ அறுத்திருக்கிறான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் புலனாய்வு செய்த காலத்திலிருந்து அவளுக்கு இருக்கிற நம்பிக்கை இது.

"போலீஸ் பொட்டலத்தைக் காட்டாம இருந்திருந்தா நீங்க வேற ஏதாவது தேடியிருப்பீங்களா டாக்டர்?"

"கண்டிப்பா" என்றார் அவர். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

நாகராஜனைக் கிளப்பி, ஸ்கூட்டருக்கு முன்னால் அவன் பைக்கை ஓட்டச் சொல்லி, கரையாம்புத்தூருக்குப் போனார்கள். வரப்பில் இறங்கியதுமே ராஜ்கமலின் போன், தமிழ்நாடு தங்களை வரவேற்கிறது என்றது. நாலு எட்டு வைத்ததும் புதுச்சேரி வரவேற்றது.

"அக்கா, என் வலது கால் ஒரு மாநிலம், இடது கால் ஒரு மாநிலம். நடுவுல எறும்பு கடிச்சா எந்த ஸ்டேஷன்ல கேஸ் குடுக்கறது?"

"வாயை மூடிக்கிட்டு நடடா."

வரப்பு நெடுக மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டிய, எலி பிடிக்கும் கிட்டிகள் நின்றன. விஜயராணி குனிந்து ஒன்றைத் தொட்டாள்.

"மருந்து வெக்கறதில்லையா?"

"எங்கப்பா வாங்கவே மாட்டாரு" என்றான் நாகராஜன். "மருந்து தின்னு செத்த எலிய எங்க நாயி தின்னுட்டு வாயில ரத்தம் வந்து செத்துச்சு. அன்னியிலேர்ந்து கிட்டிதான். மருந்துன்னு பேரு சொன்னாலே அடிக்க வருவாரு."

"எங்க மடுகரையில மருந்துதான்" என்றான் ராஜ்கமல். "தண்ணி பாய்ச்சினா அடிச்சிக்கினு போயிடும்னு கட்டியில கயிறு கோத்து வரப்புக் குச்சியில தொங்க வுடுவாங்க. பாக்க லாரிக்குத் திருஷ்டி கழிச்ச மாதிரி இருக்கும்."

விஜயராணி நிமிர்ந்தாள். ஓட்டை, துணிக் கிழிசல், காய்ந்த சேறு, எலிப் பல். சோற்றில் விஷம் கலக்கிறவள் கட்டியைச் சேலைத் துணியில் கோத்தா வைப்பாள்? அது ஏதோ ஒரு வரப்பில் தொங்கிய கட்டி. இந்த வரப்பில் மட்டும் தொங்கியதே இல்லை.

"உங்க வூட்ல மருந்தே நுழையாதுன்னு போலீஸ்கிட்ட சொன்னீங்களா, நாகராஜன்?"

"அவரு கேக்கல…"

"கேக்கலைங்களா." அவள் மெதுவாகச் சொன்னாள். "உங்க பொண்டாட்டி கையில விலங்கு போடறப்பவும் உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் போடுவாங்கன்னு இருந்தீங்களாங்க?"

நாகராஜன் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டான். கரையில் நண்டு வளை ஒன்றில் தண்ணீர் ஒழுகியது. அவன் கை தன் பாட்டுக்குப் பழகிய வேலையைச் செய்தது. மோட்டார் கொட்டகைத் தொட்டியிலிருந்து ஒரு கை பாசியும் கொஞ்சம் பதரும் அள்ளி வாய்க்காலில் போட்டான். பாசி நீளநீளமாக மிதந்து வந்து, வளையருகே வந்ததும் இழுபட்டு நீண்டு, வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டது. பின்னாலேயே வந்த பதர் அதில் ஒட்டியது. ஒட்டியதின்மேல் ஒட்டி, ஒழுகல் நின்றே போனது.

"அட, சிமெண்ட் செலவு மிச்சம்" என்றபடி ராஜ்கமல் கால் கழுவ ஓஸைத் தூக்கினான். தொட்டியிலிருந்து வருகிற ஓஸ், தண்ணீரோடு பாசியும் நாடா நாடாக வந்தது. வேகமாக வரட்டும் என்று கட்டைவிரலால் வாயை அழுத்தினான். தண்ணீர் சீறியது. கூடவே பச்சை பச்சையாக என்னவோ அவன் வேட்டி முழுக்கத் தெறித்தது.

"சீ! பாசி கூழா வருது!"

விஜயராணி அவன் காலடியில் தேங்கியதைக் கையில் அள்ளிப் பார்த்தாள். அதே தொட்டி, அதே பாசி. திறந்த வாயில் முழுசாக வந்தது, அழுத்திய வாயில் துண்டு துண்டாக வருகிறது. நாகராஜன் அடைத்த வளையைக் குச்சியால் குத்தித் திறந்துவிட்டு, அந்தத் துண்டுப் பாசியையும் பதரையும் போட்டாள். எல்லாம் நேராக ஓட்டைக்குள் போய் அந்தப் பக்கம் வந்தன. பதர் எவ்வளவு போட்டும் ஒன்றுகூட நிற்கவில்லை.

அவள் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"டாக்டர், ஒரு முட்டாள்தனமான கேள்வி. ரத்தத்துல பாசி மாதிரி ஏதாவது இருக்கா? பிளேட்லெட்டைப் பிடிச்சு நிறுத்தற நூல் மாதிரி?"

"இருக்கு மேடம். வாயில நுழையாத வெள்ளைக்காரன் பேர்ல ஒரு புரதம். நீளமான நூல்தான். சும்மா ஓடறப்ப உருண்டையா சுருண்டு கிடக்கும். குழாய் கிழிஞ்ச இடத்துல போய் ஒட்டினா, ஓடற ரத்தம் இழுக்கற இழுப்புல நீளும். நீண்டாத்தான் அதோட கொக்கி வெளிய வரும், பிளேட்லெட் வந்து மாட்டும். அந்த இழுப்பு இல்லன்னா வேலையே நடக்காது."

"இழுப்பு அளவுக்கு மீறிப் போச்சுன்னா?"

"நீளும்போது மறைஞ்சிருக்கற இன்னொரு இடமும் வெளிய தெரியும். அங்க வெட்டறதுக்குன்னே ஒரு என்சைம் ரத்தத்துல சுத்திக்கிட்டு இருக்கு, கத்தரிக்கோல் மாதிரி. கண்டபடி இழுபட்டா கண்டபடி வெட்டிடும். துண்டு நூல்ல பிளேட்லெட் நிக்காது. எண்ணிப் பார்த்தா…" டாக்டரின் குரல் தடுமாறியது. "எண்ணிப் பார்த்தா பிளேட்லெட் நார்மலாத்தான் இருக்கும்."

"எந்த இடத்துல அப்படி இழுக்கும் டாக்டர்? ஓஸ் வாயில கட்டைவிரல் வெச்ச மாதிரி இடம்?"

மறுமுனையில் நாற்காலி தள்ளப்படுகிற ஓசை கேட்டது.

"இதயத்தோட வாசல்ல. வால்வு இறுகிப் போயிருந்தா… மேடம், அவருக்கு நடந்தா மூச்சு வாங்குமா? மயக்கம் வந்துச்சா?"

"வந்த நாள்லேர்ந்து அந்தப் பொண்ணு அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கா. கொலைகாரின்னு முடிவு பண்ணிட்டதால அவ சொன்னது ஒருத்தர் காதுலயும் வுழல. முதல்ல போய் அவர் நெஞ்சுல காதை வெயிங்க டாக்டர்!"

வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த ராஜ்கமல், "அக்கா, கேஸ் முடிஞ்சுதா?" என்றான்.

"பாதி. அந்த மனுஷன் உடம்புல விஷமே இல்லடா. அப்ப அடுப்பங்கரைக்கு விஷம் எப்படி வந்துது?"

திரும்பி வந்தபோது வராந்தாவில் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வெளியே வந்தார். அவர் முகத்தில் இருந்ததும் கோபம்தான், தன்மேலேயே வந்த கோபம்.

"நெஞ்சுல ஸ்டெத் வெச்சதுமே கேட்டுது. ரம்பம் அறுக்கற மாதிரி சத்தம். எக்கோ எடுத்தாச்சு. வால்வு சுண்ணாம்பு படிஞ்சு இறுகி, ஊசி முனை மாதிரி வழிதான் மிச்சம். அந்த வழியா சீறிப் போறதுலதான் நூல் அறுந்துக்கிட்டே இருக்கு. வேற வால்வு வெக்கணும். ரத்தம் ஒழுங்கா ஓட ஆரம்பிச்சா நூல் முழுசாயிடும், கசிவும் நிக்கும். விஷத்துக்கு ஒரு அடையாளமும் இல்ல."

"பொழைச்சுடுவாரா?" என்றாள் ருக்குமணி.

"வந்த அன்னிக்கே இதைக் கண்டுபிடிச்சிருந்தா தைரியமா ஆமான்னு சொல்லியிருப்பேன். இத்தனை நாள்ல ரத்தம் ரொம்பப் போயிடுச்சு. இப்ப பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறோம். முடிஞ்சதைச் செய்யறோம்."

உலகநாதன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அப்ப இந்தப் பொட்டலம் இன்னா மேடம்?"

விஜயராணி பெஞ்சில் இருந்த டிபன் கேரியரை எடுத்தாள். மாம்பழ மஞ்சள் துணியின் முடிச்சை நிதானமாக அவிழ்த்து, விரித்துப் பிடித்தாள். கிழிசலின் விளிம்பில் சிவப்பு நூல் ஓடியது.

"சார், அந்தக் கட்டியில இருக்கற துணியைக் கொஞ்சம் தண்ணியில நனைச்சுப் பாருங்க. சேறு போனதும் மஞ்சளா இருக்கும்." திரும்பினாள். "உங்க வூட்ல பழைய சேலையை வீணாக்க மாட்டீங்க போலருக்குதுங்க, ருக்குமணியம்மா. சோத்துக்கும் அதுதான், வரப்புல எலிக் கட்டி தொங்க வுடறதுக்கும் அதுதான். உங்கப்பா வயல்ல கிட்டி. பண்டசோழநல்லூர்ல உங்க வயல்ல மருந்துங்க."

ராஜ்கமல் இன்னும் இரண்டடி நகர்ந்தான்.

ருக்குமணி மறுப்பாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் மறுக்கவில்லை, வெடித்தாள்.

"ஆமா, நான்தான் வெச்சேன்! கிளினிக்ல எலி மருந்துன்னு சொன்னாங்க. இவ தவிர யாரு குடுத்திருப்பா? வூடு பூரா தேடினேன், ஒண்ணும் கெடைக்கல. மறைச்சிட்டான்னு நெனச்சேன். ஆதாரம் இல்லாம போலீஸ் இவளைத் தொடுமா? எங்கப்பாவுக்கு நியாயம் கெடைக்க வேணாமா?"

"நியாயங்களா?" விஜயராணியின் குரல் இன்னும் தணிந்தது. "ஊசி போட்டும் ரத்தம் நிக்கலன்னதும் டாக்டருக்குச் சந்தேகம் வந்துதுங்க. வேற இன்னா வியாதின்னு தேட இருந்தாரு. அப்பதான் நீங்க பொட்டலத்தைக் கொண்டாந்து நீட்டினீங்க. தேடறதை நிறுத்திட்டாங்க. இத்தனை நாளா அவர் ரத்தம் கசிஞ்சது அதனாலதாங்க. அரிசிப் பானைக்குப் பின்னால வெச்சது உங்க தம்பி பொண்டாட்டிக்குன்னு நெனச்சீங்க. அந்த மருந்தை நீங்க உங்கப்பாவுக்குத்தாங்க வெச்சீங்க."

ருக்குமணி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்பா என்று ஒரு தடவை சொன்னாள். உலகநாதன் பெண் போலீஸைப் பார்த்துக் கண்ணைக் காட்ட, அந்தப் பெண் செல்வகுமாரியின் பக்கத்திலிருந்து எழுந்து ருக்குமணியின் பக்கத்தில் போய் நின்றாள்.

கதவு திறந்தது. "சம்மந்தத்தோட வண்டியில யாரும்மா வர்றது? ஒருத்தர்தான் ஏறலாம்" என்றாள் நர்ஸ்.

தரையில் இருந்த ருக்குமணி எழ முயன்றாள். அதற்குள் செல்வகுமாரி எழுந்து நின்றாள்.

"நான்தான் வர்றேன்." நாத்தனாரைப் பார்த்தாள். "அண்ணி, அவரு பக்கத்துல போவக் கூடாதுன்னு கதவாண்டயே என்னை நிறுத்தினீங்க. தண்ணி கேட்டு அவரு என் பேரைச் சொன்னது வெளிய இருந்த எனக்குக் கேட்டுது. இதை நான் எப்பவும் மறக்க மாட்டேன்."

நாகராஜன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவசரமாக எழுந்தான். "செல்வி, நானும் வண்டி பின்னாலயே…"

"வேணாம்" என்றாள் செல்வகுமாரி. "இத்தன நாளா எப்படி உட்கார்ந்திருந்தீங்களோ, அப்படியே உட்கார்ந்திருங்க."

அவன் உட்கார்ந்தான். அவள் உள்ளே போனாள். ஸ்ட்ரெச்சரில் வெளுத்துக் கிடந்த கிழவரின் கை போர்வைக்கு வெளியே வந்து எதையோ தேடியது. செல்வகுமாரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

ஆம்புலன்ஸ் சத்தம் தெருமுனை தாண்டும்வரை விஜயராணி அசையவில்லை. ராஜ்கமல் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டான்.

"அக்கா, கோவம் போயிடுச்சா?"

"இல்லைங்க" என்றாள் விஜயராணி.

ராஜ்கமல் வண்டியை எடுக்க ஓடினான்.